மேசையின் வெளுத்த மூலை

அன்புள்ள கண்ணுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மைக்கூட்டைக் கழுவினேன். முகம்கூடக் கழுவவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, அடியில் கட்டியாகக் காய்ந்து கிடந்த மையை ஈர்க்குச்சியால் சுரண்டி, தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்து, தண்ணீர் தெளியும்வரை கழுவினேன். கருநீலமாக ஓடிய தண்ணீர் வாழையின் அடியில் போய் நின்றது. பல் துலக்க வந்த உன் அத்தை, "கல்யாணத்துக்கு எறக்கின அண்டா குண்டா எல்லாம் அப்டியே கெடக்குது. இத்தப் போய் மொதல்ல கழுவிக்கினு உக்காந்திருக்கியேம்மா" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. அதை ஏன் முதலில் கழுவினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். கோர்ட்டுக்குப் போகும் அவசரத்தில் பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு படி.

உன் கடிதம் வந்தபோது ஆலயத்தில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம், கல்யாணம் கழிந்ததும் நீ வேலூரில் இருக்கும் அறையைக் காலி செய்துவிட்டு இங்கே ஆம்பூருக்கே வந்துவிடுவது, கோர்ட்டு நாட்களில் ரயிலில் போய் வந்து மற்ற நாட்களில் வீட்டிலேயே வழக்குக்கு வரும் கட்சிக்காரர்களைப் பார்ப்பது என்று எழுதியிருந்தாய். அப்பாவின் அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்து வைக்கச் சொல்லியிருந்தாய். கூடவே ஒரு வரைபடம். கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. வடக்கு ஜன்னலை ஒட்டி உன் மேசை, அதற்குப் பின்னால் சட்டப் புத்தக அலமாரி, எதிரே கட்சிக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, கதவோரம் குமாஸ்தாவுக்கு ஒரு பாய். குமாஸ்தா இன்னும் வரவில்லை, ஆனால் அவருக்குப் பாய் போட்டுவிட்டாய். நீ சிறுவனாக இருந்தபோதும் இப்படித்தான், ரயில் விளையாட்டு என்றால் முதலில் டிக்கெட் கொடுக்க ஆள் தேடுவாய். ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாய். அம்மாவின் சாமான் ஏதாவது அந்த அறையில் இருந்தால் உள்ளே அரிசிக் குதிர் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று. அன்பாகத்தான் எழுதியிருந்தாய். நானும் சரி என்று ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டேன். அப்போது எனக்கு அதில் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

எதிலுமே சொல்ல எதுவும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஐப்பசி மழையில் உன் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு, அடங்கி, திரும்ப வந்து, அவரைக் கொண்டுபோனதிலிருந்து நான் இன்னும் அழவில்லை. நீயும் கவனித்திருப்பாய். அடக்க ஆராதனையில் பாட்டின் எல்லாச் சரணங்களையும் சரியாகப் பாடினேன். வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டேன். கடுக்காயைக் கடித்துப் பார்த்திருக்கிறாயா? தோல் பதனிடும் கிடங்கில் விளையாடப் போனபோது ஒருமுறை கடித்துவிட்டு அழுதுகொண்டு வந்தாய். வெல்லம் கொடுத்தேன், இனிக்கவில்லை என்று அதற்கும் அழுதாய். இப்போது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. வலி என்று சொல்லமுடியாது. வெல்லம் வெல்லம் என்று தெரிகிறது, இனிப்பு மட்டும் இல்லை. உன் அத்தை வாலாஜாபேட்டையிலிருந்து வந்து இறங்கிய அன்றே என் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "அழுதுடும்மா, உள்ள வெச்சிக்காத, அழுதுட்டா தேவல" என்றார். ஆகட்டும் அண்ணி என்றேன், கடைக்குப் போய்வரச் சொன்னதற்குச் சொல்வதுபோல.

அறையை ஒழிக்கலாம் என்று உள்ளே போனேன். உனக்கு அந்த அறை தெரியும், ஆனால் வாசலில் நின்று பார்த்த அளவுக்குத்தான் தெரியும். உன் அப்பாவின் தொழில் தோலுக்குத் தரம் பார்ப்பது. கிடங்குகளில் பதனிட்ட ஆட்டுத்தோல் மதராசுக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போகுமுன், எது முதல் தரம், எது கழிவு என்று அவர் பிரிக்கவேண்டும். அதற்குத்தான் வடக்கு ஜன்னல். கிழக்கு வெளிச்சமும் மேற்கு வெளிச்சமும் தோலுக்கு இல்லாத நிறத்தைக் கொடுத்துவிடும், வடக்கு வெளிச்சம் பொய் சொல்லாது என்பார். இந்த வீட்டை வாங்கியதே அந்த ஜன்னலுக்காக. அறையில் பெரிய மேசை, அதன் மேல் ஆணி அடித்த தோல் விரிப்பு. மேசையைத் தவிர மற்றதெல்லாம் குவியல். தோலின் குணம் அவருக்குத் தெரியும், சாமானுக்கு இடம் வைக்கத் தெரியாது. கத்தரியைத் தேடுவார், மூக்குக் கண்ணாடியைத் தேடுவார், கண்ணாடி நெற்றியில் இருக்கும். தோல் கட்டு அவிழ்க்கும்போது விழும் சணல் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து சுற்றிச் சுற்றிப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை வைத்திருந்தார். முத்திரை குத்தும் தகடுகள், கைப்பிடி போன உளி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், எலி கடித்த ஆவாரம்பட்டை மூட்டை. எதையாவது எடுத்து வெளியே போடப் போனால் ஒரே வார்த்தைதான் சொல்வார். "கெடக்கட்டும், எப்பனா ஆவும்." அந்த உருண்டையிலிருந்து ஒரு முழம் சணல்கூட அவர் அறுத்து நான் பார்த்ததில்லை.

நீ புது அலுவலகம் வைக்கப்போகிறவன், அதனால் சொல்கிறேன். ஒரு வேலை அறையை ஒழிக்க வேண்டுமானால் வேண்டியது வேண்டாதது என்று இரண்டாகப் பிரிக்காதே. நான் முதல் நாள் அப்படித்தான் ஆரம்பித்து, அரைமணி நேரம் ஒரு உடைந்த உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உன் அப்பா தோல் பார்க்கும் விதம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தோலையும் இரண்டு தடவை பார்ப்பார். முதலில் வெளிச்சத்துக்குப் பிடித்து, கழுத்திலிருந்து வால்வரை கண்ணால். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முதுகுத் தண்டின் மேல் கட்டைவிரலை ஓட்டி. கண்ணும் விரலும் ஒரே தரத்தைச் சொன்னால் அந்தத் தோல் அங்கேயே அதன் அடுக்கில் போய்ச் சேரும். இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் தீர்ப்புச் சொல்லமாட்டார். தனியாக ஒரு அடுக்கில் போட்டுவிட்டு மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்ப்பார். நானும் அப்படியே செய்தேன். கண்ணும் கையும் ஒத்துப்போனதெல்லாம் உடனே போயிற்று. ஆவாரம்பட்டை அடுப்புக்கு, தகடுகள் கிடங்குக்கு, சாவிகள் பழைய இரும்புக்காரனுக்கு. சணல் உருண்டையைக் கல்யாணப் பந்தல் கட்ட எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "கெடக்கட்டும், எப்பனா ஆவும்" என்றாரே, கடைசியில் ஆகிவிட்டது. நீ உள்ளே உட்கார்ந்திருக்கும் பந்தல் உன் அப்பா முடிந்த சணலில்தான் நிற்கும். ஒத்துப்போகாத அடுக்கில் கொஞ்சம்தான் சேர்ந்தது. அவருடைய கண்ணாடி, என் அகராதி, காய்ந்த மைக்கூடு, அப்புறம் மாதிரித் தோல் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தோல் என்று எடுத்து, கறுப்புத் துணியில் சுற்றி, இருட்டில் வைத்திருந்தார். கிடங்குக்காரருக்கும் மதராஸ் வியாபாரிக்கும் தரத்தில் தகராறு வந்தால் இரண்டு பேரும் இங்கே வந்து இந்தப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை. வாணியம்பாடியில் கிடங்கு வைத்திருக்கும் ரஹீம் சாயபு, உன் அப்பாவின் சிநேகிதர், அந்தப் பெட்டியைத் தனக்குக் கொடுக்கமுடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். முந்தாநாள் மாலை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அன்று காலை நான் சமையலறையில் இருந்தேன். உன் அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். "இன்னாம்மா நாத்தம் இது! பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா வாசலோட திரும்பிப் போய்டுவாங்க" என்று குரல் கேட்டது. எனக்கு அந்த வாடை தெரிவதே இல்லை, இந்த ஊருக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தோல்களைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்தேன். எதற்கு என்று புரிந்தது. பூச்சி பிடித்தாலும் வாடை அடித்தாலும் அவருக்குத் தெரிந்த மருந்து வெயில். மெத்தை, தலையணை, பருப்பு, மிளகாய் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை மட்டும் வெயிலில் போடக்கூடாது. பிஸ்கோத்து நிறத்தில் இருப்பது செங்கல்லாகிவிடும். கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் தாங்கும், பங்குனி வெயிலுக்கு அதுவும் தாங்காது. ஒருமுறை ஸ்டேஷனில் தோல் கட்டுகளை நிழலில் வைக்காமல் விட்டு, ஒரு பக்கம் சிவந்து, மறுபக்கம் வெளுத்து லண்டன் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து வந்த கடிதத்தைப் படித்து உன் அப்பாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். "அண்ணி, வேண்டாம்" என்று படிக்கட்டின் கீழே நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாயில் இருந்தது. சொல்லவில்லை. அரிசி களைந்தேன். நடுப்பகலில் மேலே போனபோது உன் அத்தை வடகம் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தோலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பார்த்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாயானால் எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை. அவருடைய பொருள் அழியட்டும் என்ற எண்ணமும் இல்லை. நடப்பதெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில் நடப்பதுபோல் இருந்தது.

மாலையில் சாயபு வந்தார். உன் அத்தையே பெருமையாகத் தோல் அடுக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நல்லா காய வெச்சிட்டேன் பாய். நாத்தம் கம்மியாய்ட்டுது, பாருங்க." சாயபு மேலே இருந்த தோலை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "இன்னாம்மா இது, கல்யாண வீடுன்னு தோலுக்கும் மருதாணி வெச்சிட்டீங்களா?" என்றார்.

உன் அத்தைக்குப் புரியவில்லை. "இன்னா பாய், தோலுன்னா செவப்பாத்தானே இருக்கும்?"

"இருக்கும்மா, செருப்பு ஆனப்பறம். இது அதுக்கு முந்தி."

"யம்மா, நான் எதனா பண்ணிட்டேனா?" என்று உன் அத்தை என்னைப் பார்த்தார். ஒன்றும் இல்லை அண்ணி என்றேன். சாயபு தோலை மடித்து வைத்துவிட்டு, "இத்த வெயில்ல போட்டது நீங்க பாக்கலையாம்மா?" என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. உட்கார்ந்தார். உன் அப்பாவின் நாற்காலியில் இல்லை, பிரம்பு மோடாவில். அவர் எப்போதும் அந்த மோடாவில்தான் உட்காருவார்.

"பெட்டி போனா போவுது. தோலு இன்னா நின்னா போச்சு, தெனம் வருது, புதுசா எடுத்து வெச்சிக்கலாம். என் தோலுக்காக லண்டனுக்குப் போன லெட்டருக்குத்தாம்மா இப்ப வழி தெரியல" என்றார். "மதராஸ்லேர்ந்து ஒரு ஆள வெச்சேன். நல்ல பையன், ஜாஸ்தி படிச்சவன். அவன் எழுதுனா லண்டன்காரன் பதிலே போட மாட்டேங்கறான். போட்டாலும் வெலையக் கொறைச்சுத்தான் போடறான். ஏன்னா இவனுக்கு மரியாதையா எழுதத் தெரியுது, சண்டை போடத் தெரியல. உங்களுக்கு மரியாதையாவே சண்டை போடத் தெரியும்."

"நான் எழுதறது உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியாம? என் தோஸ்து சண்டைன்னா மேசையத் தட்டுவான். லெட்டர்ல தட்டற சத்தமே இருக்காதே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்களே எழுதுங்கம்மா. முன்னாடி எப்டியோ அப்டியே. முடியாதுன்னா பேஜார் வேணாம், முடியாதுன்னு சொல்லிடுங்க. லண்டன் தபால் போற நாளுக்குள்ள சொன்னா போதும்" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் போனதும் உன் அத்தை தோல் அடுக்கைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். பிறகு, "லெட்டரெல்லாம் நீயா எழுதுன? தம்பி இல்லியா?" என்றார். தம்பிகளைப் பற்றி அக்காமார்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

உனக்கும் தெரியாது. அம்மா நகல் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நீ மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும்போது, எங்கப்பா லண்டனுக்கே இங்கிலீஷில் கடிதம் எழுதுவார் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தாய். அவர் வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பாராட்டினார். உன் அப்பா என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது. நான் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது, அது அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையில் நடந்தது இப்படி: அவர் மேசையைத் தட்டிக்கொண்டே தமிழில் சொல்வார். "எழுது. உங்க ஆளு சொல்றது சுத்தப் பொய். கண்ணு இருக்கா அவனுக்கு? எழுது." நான் அதை, தங்கள் பிரதிநிதியின் கருத்தோடு உடன்பட இயலாமைக்கு மிகவும் வருந்துகிறோம், மாதிரியை மீண்டும் வடக்கு வெளிச்சத்தில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று இங்கிலீஷில் எழுதுவேன். திருப்பித் தமிழில் சொல்லச் சொல்வார். கேட்டுவிட்டு, "இதுல கோவமே இல்லியே" என்பார். இருக்கிறது, படிக்கிறவனுக்குத் தெரியும் என்பேன். பெரும்பாலும் பதில் அவருக்குச் சாதகமாகத்தான் வரும். கையெழுத்து அவர் போடுவார். மதராசில் காலேஜில் நான் படித்த படிப்பெல்லாம் ஆட்டுத்தோல் சண்டைக்குப் போயிற்று என்று என் தகப்பனார் வருத்தப்பட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று இப்போது எழுதும்போது அது வேறு யாருடைய விருப்பமோ போல இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், உண்மை அதுதான்.

நான் எழுதியதற்கு இடம் என்று ஒன்று கிடையாது. காலையில் தோல் வருவதற்கு முன் அவர் மேசையின் இடது மூலையில் எழுதுவேன். தோல் கட்டு வந்துவிட்டால் காகிதத்தையும் பலகையையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசற்படிக்குப் போய்விடுவேன். அகராதியும் மைக்கூடும் மட்டும் அங்கேயே இருக்கும். அவற்றை யார் தூக்கிக்கொண்டு அலைவது? கிடங்கிலிருந்து தோல் கொண்டுவரும் ஆட்கள் கட்டைத் தூக்கி மேசையில் போடப் போகும்போது உன் அப்பா, "மூலைய விட்டுப் போடுப்பா" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டுக்கும் சொல்வார். நீயும் கேட்டிருப்பாய். அந்தப் பக்கத்து மேசைக்கால் ஆடுகிறது, பாரம் தாங்காது, அதனால் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நேற்று மேசையைக் காலி செய்தேன். மேலே கிடந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் தோல் விரிப்பைத் துடைத்தேன். அதுவும் ஆவாரம்பட்டைத் தோல்தான். ஜன்னல் வெளிச்சத்திலேயே வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சிவந்து, மேசை முழுதும் ஒரே நிறமாகிவிட்டது. அவருடைய கத்தரி, தகடு, கண்ணாடி எதற்கும் அடையாளம் இல்லை. எதுவும் ஒரு இடத்தில் இருந்தால்தானே? இடது மூலையில் மட்டும் இரண்டு வெளுத்த இடங்கள் இருந்தன, புதுத் தோல் நிறத்தில். ஒன்று நீளச் சதுரம். ஒன்று சின்ன வட்டம். அகராதியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன், ஓரம் பிசகாமல் பொருந்தியது. மேசைக்காலை ஆட்டிப் பார்த்தேன். அது ஆடவில்லை. நான்கு கால்களும் உறுதியாக இருந்தன. தன் கண்ணாடியைத் தினமும் தொலைத்த மனிதர், இந்த இரண்டையும் ஒரு விரல்கடை நகர்த்தாமல், யாரையும் நகர்த்தவிடாமல் வைத்திருந்திருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை. எனக்கு இது தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் தெரியவில்லை. உன் அத்தை வந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கறையா? எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போய்டும்" என்றார். கறை இல்லை அண்ணி என்றேன். அப்போதும் அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு துணியை அலசிப் போட்டேன்.

உன் வரைபடத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அழகாகப் போட்டிருக்கிறாய். ஆனால் கண்ணு, அதில் உனக்கு இடம் இருக்கிறது, கட்சிக்காரருக்கு இருக்கிறது, வராத குமாஸ்தாவுக்கு இருக்கிறது. வரப்போகிற பெண்ணுக்கு எங்கும் இல்லை. அவள் குடியாத்தத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். நிச்சயத்துக்குப் போயிருந்தபோது ஜன்னல் திட்டில் பிள்ளைகளின் சிலேட்டை அடுக்கி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள், நம்மைக் கண்டதும் முந்தானையால் மூடினாள். அதை நீ பார்த்தாயோ என்னவோ, நான் பார்த்தேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவாளோ மாட்டாளோ, அது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவேண்டியது. ஆனால் அவள் ஒரு கடிதம் எழுதவேண்டுமென்றால் எங்கே உட்காருவாள் என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் கேள். உன் மேசையில் ஒரு மூலை தருகிறேன் என்று சொல்லாதே. மூலை போதும் என்று அவளும் சொல்வாள், நானும் சொன்னேன். தனியாக ஒரு மேசை போடு. சின்னதாக இருந்தால் போதும். அதன் மேல் உன் சட்டப் புத்தகங்களைத் தற்காலிகமாகக்கூட வைக்காதே. தற்காலிகமாக வைத்தது எப்படி நிரந்தரமாகும் என்று பார்க்க வேண்டுமானால், நான் நேற்றுவரை ஒழித்த அறைக்கு வந்திருக்கவேண்டும். உன் அப்பா நல்லவர். தன்னால் முடிந்த அளவுக்கு ஒரு மூலையைக் காத்தார். நீ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்யலாம், உனக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரிகிறது.

இப்போது மைக்கூட்டுக்கு வருகிறேன். முன்பு சொன்னேனே, கண்ணும் கையும் ஒத்துப்போகாததை மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று. காலையில் அதை எடுத்துப் பார்த்தேன். இனி எதற்கு என்று அன்று சொன்ன கண், இன்று அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் கழுவினேன். காயவைத்து, மை ஊற்றி, அதன் வட்டத்தில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், உன் அப்பாவின் நாற்காலியை இடது மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு. ஜன்னல் திறந்திருக்கிறது. வெளிச்சம் அவர் சொன்னபடிதான் இருக்கிறது.

உனக்கு முன்கூடத்தை ஒழித்துத் தருகிறேன். யோசித்துப் பார், உன் தொழிலுக்கு அதுதான் சரி. தெருவிலிருந்து நேராக வரலாம், கட்சிக்காரர்கள் சமையலறை வாசலைத் தாண்டி வரவேண்டாம், குமாஸ்தா பாயும் தாராளமாகப் போடலாம். சட்டப் புத்தகத்துக்கு வடக்கு வெளிச்சம் தேவையில்லை. கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்று, உன் அத்தை அது கல்யாணத்துக்கென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சிவந்துபோன மாதிரித் தோல்களை எடுத்துக்கொள். புத்தகத்துக்கு அட்டை போட நன்றாக இருக்கும். உன் வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதன் பின்பக்கம் முன்கூடத்தை நானே போட்டிருக்கிறேன், கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும். ஒரு சின்ன மேசைக்கு இடம் விட்டிருக்கிறேன், பெயர் எழுதவில்லை. நீயே அவளைக் கேட்டு எழுதிக்கொள்.

இந்த அறை எனக்கு வேண்டும். நாளை லண்டன் தபால் நாள். காலையில் சாயபுவுக்கு ஆள் அனுப்பி, எழுதுகிறேன் என்று சொல்லப்போகிறேன். முன்பு எப்படியோ அப்படியே என்று அவர் சொன்னார். அப்படியே எழுதமாட்டேன். கடிதத்தின் கீழே கையெழுத்து என் பெயரில் இருக்கும். அவர் அதற்கு ஒப்புவாரோ, லண்டன்காரன் என்ன நினைப்பானோ தெரியாது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அத்தையிடமும் சொல்லவில்லை. அத்தை இப்போது வாசலில் நின்று, "இன்னும் எவ்ளோ நேரம்மா, சோறு ஆறுது" என்கிறார். வர்றேன் அண்ணி என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா